கீரை சாப்பிடாமல் வரவும்

வாசற்படி

காலையில் வந்து இரண்டு மெஷினுக்கும் தண்ணீர் திறந்துவிட்டு நிமிர்ந்தால், காசிநாதன் டயாலிசிஸ் அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே வரவில்லை.

“ஏன் அங்கேயே நிக்கிறீங்க? வாங்கண்ணா” என்றேன்.

“காலு வர மாட்டேங்குது சிஸ்டர்” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வார்த்தை போதும், ஓட ஆரம்பித்துவிடுவோம். கிட்னி கெட்டவருக்குத் திடீரென்று கால் துவண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கிறது என்று பயப்பட வேண்டும். அது ஏறினால் இதயம் எந்த நிமிஷமும் நின்றுபோகலாம். நானும் அட்டெண்டரும் அவரைத் தூக்காத குறையாகக் கொண்டுவந்து படுக்க வைத்தோம். ஈசிஜி எடுத்ததில் அலை ஒவ்வொன்றும் கூராக எழும்பி நின்றது. டியூட்டி டாக்டர் ஓடி வந்து கால்சியம் ஊசி போட்டார். நான் கையில், டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் பிஸ்டுலாவைத் தடவிப் பார்த்து ஊசியை ஏற்றினேன். மெஷினோடு டியூபை இணைக்கப் போகும்போது காசிநாதன் என் கையைப் பிடித்தார்.

“அந்த டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்துட்டீங்களா?”

“உசிரு போற நேரத்துல டெஸ்ட்டு ஒண்ணுதான் கேடு!”

“எடுத்துடுங்க சிஸ்டர். மெஷினு ஓடிட்டா அப்பறம் பிரயோசனம் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க.”

ஊசி ஏற்கெனவே உள்ளே இருந்தது. ஒரு சிரிஞ்ச் ரத்தம் இழுப்பதற்கு நேரம் ஆகாது. இழுத்து டியூபில் விட்டு ஐஸ் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டு மெஷினை ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஈசிஜியில் கூர் மழுங்கியது. ஒரு வழியாக மூச்சு விட்டேன், பிறகு என் வழக்கப்படி திட்ட ஆரம்பித்தேன்.

“என்ன சாப்ட்டீங்க நேத்து? உண்மையச் சொல்லுங்க.”

“இளநி.”

“எத்தன?”

“ரெண்டு” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

சாகக் கிடந்த நேரத்தில்கூடப் பிறருடைய ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்க மறக்காத மனுஷர் என்று அன்றைக்கு அவரைப் பற்றி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளிடமும் நோயாளி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையை நான் தப்பாகச் சொல்லிவந்திருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன். படிப்பு முடித்து டயாலிசிஸ் அறைக்குள் புதிதாக நுழைகிற பிள்ளைகள் படித்தால் போதும்.

சூளைக்காரர்

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்தது ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. மெஷின் இரண்டே இரண்டு. கரண்ட் போனால் ஜெனரேட்டர் பிடிக்கும் வரைக்கும் கையால் பம்பைச் சுற்ற வேண்டும். எங்களிடம் வருகிறவர்கள் எல்லாம் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள். வாரத்துக்கு இரண்டு தடவை வந்து நாலு மணி நேரம் படுத்துவிட்டுப் போவார்கள். கிட்னிக்கான பெரிய டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வந்து பார்ப்பார். மற்ற நாளெல்லாம் நான் அதட்டுவதுதான் வைத்தியம்.

காசிநாதன் செராமிக் கம்பெனியில் சூளை பார்த்தவர். பியூஸ் கட்டை, இன்சுலேட்டர், பொம்மை என்று எது வெந்தாலும் இவர் ஓட்டை வழியாக உள்ளே நிறத்தைப் பார்த்துத்தான் நெருப்பைக் கூட்டுவார், குறைப்பார். அந்தச் சூட்டில் தலைவலி வராமல் இருக்குமா? வலிக்கு மாத்திரை, மாத்திரைக்கு மேல் டீ என்று வருஷக்கணக்காக ஓட்டியிருக்கிறார். பி.பி. இருந்ததே அவருக்குத் தெரியாது. முகம் வீங்கி எங்களிடம் வந்தபோது இரண்டு கிட்னியும் சுருங்கிப் போயிருந்தன. அதன்பிறகு சூளைப் பக்கம் விடவில்லை. முடிந்த நாளில் போய் உட்கார்ந்து பொம்மைகளுக்கு வர்ணம் தொட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் நோயாளிகளுக்கு ஒரு கணக்கு உண்டு. சாப்பிடக் கூடாது என்று நாங்கள் சொல்வதையெல்லாம் மெஷினில் படுத்த முதல் ஒரு மணி நேரத்தில் சாப்பிட்டுவிடுவார்கள். உள்ளே போகிற விஷத்தை மெஷின் அப்போதைக்கப்போதே எடுத்துவிடுமாம். தலையணைக்கு அடியிலிருந்து வாழைப்பழம் வரும், மாம்பழத் துண்டு வரும். ஒரு அம்மா டிபன் டப்பாவில் தக்காளித் தொக்கே கொண்டுவருவார். திட்டித் திட்டி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். காசிநாதன் ஒருவர்தான் அந்த விளையாட்டுக்குப் போனதில்லை. அவர் சம்சாரம் அஞ்சலை, பொட்டாசியம் இறங்கிப்போகக் காயை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்துத்தான் போடுவார். சக்கைதான், ருசி இருக்காது. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். அப்படிப்பட்டவர் இளநீர் குடித்தேன் என்றபோது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் ஆசை யாரை விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அஞ்சலைக்குச் சர்க்கரை வியாதி. அதனால் கிட்னி கொடுக்க அவரால் ஆகாது. காசிநாதனுக்கு ஒரே தம்பி, தங்கராசு. கருவேப்பிலங்குறிச்சியில் கொல்லை வைத்துக் கரும்பும் கடலையும் போடுகிறவர். அப்பா போனபிறகு அண்ணன் சூளையில் சம்பாதித்து வளர்த்த தம்பி. ரத்தக் குரூப் ஒத்துப்போனது தெரிந்த அன்றே நான் தருகிறேன் என்று முன்னால் வந்து நின்றார். முதல் கட்டப் பரிசோதனைகள் முடிந்தன. கடைசிப் பரிசோதனைக்குச் சென்னைக்கு வரச் சொல்லி நாளும் குறித்துவிட்டார்கள். அண்ணன் பிழைப்பதற்கு அது ஒன்றுதான் வழி என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

காசிநாதனுக்கு மட்டும் அதில் சந்தோஷம் இல்லை. ஒருநாள் மெஷினில் படுத்தபடி என்னிடம் சொன்னார்: “அவன் வெயில்ல மம்புட்டி புடிக்கிறவன் சிஸ்டர். ரெண்டும் சின்னப் பொண்ணுங்க. அவனுக்கு ரெண்டு கிட்னியும் வேணும்.”

“ஒண்ணு இருந்தாலே போதும்ணா. நல்லா வேலை செய்யலாம், நல்லா இருக்கலாம். பெரிய டாக்டர் எவ்வளவு தூரம் சொன்னாரு!”

“சொன்னாரு. அவரு மம்புட்டி புடிச்சதில்ல” என்று சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டேன். அதோடு விட்டேன்.

ஐஸ் பெட்டி

இந்தச் சமயத்தில்தான் வெளியூர் மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர் ரகுராம் ஒரு ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினார். சின்ன வயது, நல்ல பிள்ளை. நோயாளியைத் தொடும்போது அனுமதி கேட்டுவிட்டுத் தொடுவார். முற்றிய கிட்னி நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் நைட்ரிக் ஆக்சைடு எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்ப்பது அவர் ஆராய்ச்சி. எங்கள் நோயாளிகளை உட்கார வைத்துப் புரியும்படி சொன்னார்.

“ரத்தக் குழாயோட உள்பக்கத்துல நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயு ஊறும். அது ஊறினாத்தான் குழாய் இளகிக் கொடுக்கும். கிட்னி கெட்டவங்களுக்கு அது சரியா ஊறுறதில்ல. குழாய் இறுகிப் போய் பி.பி. ஏறும், இதயம் கெடும். உங்களுக்கெல்லாம் எவ்வளவு ஊறுதுன்னு பார்க்கத்தான் வந்திருக்கேன்.”

என்னைத் தனியாக உட்கார வைத்து மிச்சத்தையும் சொன்னார். அந்த வாயு உண்டான நொடியிலேயே மறைந்துபோகும், அதை அப்படியே பிடித்து அளக்க முடியாது. அது விட்டுப்போகிற எச்சம்தான் நைட்ரேட். அதைத்தான் அளக்கிறார்கள். மருந்து கலந்தால் ஊதாச் சிவப்பாக நிறம் வரும், நிறம் எவ்வளவு கெட்டியோ அளவு அவ்வளவு. ஆனால் அந்த எச்சத்தை வெளியே தள்ளுவது கிட்னியின் வேலை. கிட்னி கெட்டவர்களுக்கு அது ரத்தத்திலேயே தேங்கிவிடும். ஊறுவது குறைவாக இருந்தாலும் தேங்கியது கூடி, அளவு அதிகமாகக் காட்டலாம். அதனால் இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நல்லது கெட்டது சொல்ல முடியாது என்றார்.

இன்னொரு தொந்தரவு சாப்பாடு. கீரை, பீட்ரூட், முள்ளங்கி இவற்றில் நைட்ரேட் ஏராளம். அதனால் டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் அவற்றைத் தொடக் கூடாது. நானே அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் தொங்கவிட்டேன்: கீரை சாப்பிடாமல் வரவும்.

நோயாளிகளுக்கு எதையும் காரணத்தோடு சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. செய்யாதே என்று மட்டும் சொன்னால் தலையணைக்கு அடியில்தான் வைத்துக்கொள்வார்கள். ஆகவே அட்டையைப் பார்த்துவிட்டுக் காசிநாதன் கேட்டபோது எனக்கு உற்சாகமாகிவிட்டது.

“கீரைக்கும் இதுக்கும் என்னா சிஸ்டர் சம்பந்தம்?”

“உர மூட்டையில இருக்குதே, அந்தச் சத்து மண்ணுலேர்ந்து கீரைக்கு ஏறுது. கீரைலேர்ந்து உங்க ரத்தத்துக்கு ஏறும்.”

“அப்போ நல்லா உரம் வெச்ச மண்ணுல வெளஞ்ச கீரைன்னா?”

“இன்னும் ஜாஸ்தியா ஏறும்.”

“சாப்ட்டா டெஸ்ட்டு கெட்டுப் போயிடுமா?”

“கெட்டுப் போகாது. அளவை ஏத்திக் காட்டும். உங்களுக்கு அந்த வாயு சூப்பரா ஊறுதுன்னு டாக்டர் ஏமாந்துடுவாரு” என்றேன்.

“அப்பிடியா” என்று தலையை ஆட்டினார்.

சூளைக்காரர் ஆயிற்றே, நிறம், கலவை என்றால் ஆர்வம் வருகிறது என்று நினைத்தேன். இவ்வளவு கேள்வி கேட்ட நோயாளி வேறு யாரும் இல்லை. அவருக்கு விளக்கிச் சொன்னதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அதற்கு அடுத்து வந்த டெஸ்ட் நாளில்தான் முதலில் சொன்ன வாசற்படிச் சம்பவம் நடந்தது.

ஜாஸ்தி

முடிவுகளோடு டாக்டர் ரகுராம் வருகிற நாளை காசிநாதன் என்னிடம் இரண்டு தடவை கேட்டு வைத்துக்கொண்டார். அன்றைக்குத் தம்பியையும் வரச் சொல்லியிருந்தார். தங்கராசு மொபெட்டில் வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, அண்ணன் கால்மாட்டில் நின்றார். வெயிலில் கறுத்த ஒல்லியான ஆள். ஆஸ்பத்திரிக்குள் வந்தால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பவர்.

ஆராய்ச்சி டெஸ்டின் எண்ணை நோயாளியிடம் சொல்லும் வழக்கம் கிடையாது. காசிநாதன் விடவில்லை.

“எனக்கு எவ்ளோன்னு சொல்லுங்க சார். ரத்தம் குடுத்தவன் கேக்கறேன்.”

டாக்டருக்கு மறுக்க மனசு வரவில்லை. “இங்க எடுத்த எல்லாரையும் விட உங்களுக்குத்தான் ஜாஸ்தி” என்றார்.

“கேட்டியாடா?” என்று காசிநாதன் தம்பியைப் பார்த்தார். “எல்லாரையும் விட ஜாஸ்தியாம்!”

“அப்படி இல்லீங்க. ஜாஸ்தின்னா நல்லதுன்னு அர்த்தம் இல்ல. தேங்கியும் இருக்கலாம். இது ஆராய்ச்சிக்காக எடுத்தது. இதை வெச்சு வைத்தியத்துல எதையும் மாத்தக் கூடாது” என்று டாக்டர் சொல்லத்தான் சொன்னார். தங்கராசு அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கி நின்றார். பக்கத்து மெஷினில் அலாரம் அடித்தது. நான் அந்தப் பக்கம் ஓடிவிட்டேன்.

அதற்குப் பிறகு சென்னைக்குப் போகிற நாள் வந்தது. யாரும் போகவில்லை.

“என்னண்ணா ஆச்சு?” என்று கேட்டேன்.

“தம்பி வூட்ல ஒத்துக்கல சிஸ்டர். அவனுக்கும் இஷ்டமில்ல போலருக்குது. விடுங்க.”

பெரிய டாக்டர் முகம் வாடிப்போனது. ஆனால் அவரும் எதுவும் செய்யவில்லை, செய்யவும் கூடாது. உறுப்பு கொடுக்கிறவர் பின்வாங்கினால் ஏன் என்று குடையக் கூடாது, வற்புறுத்தக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முறை. பயந்து போயிருப்பார், பெண்டாட்டி அழுதிருப்பாள், எதுவாக இருந்தாலும் அது அவர் உரிமை. நல்ல முறைதான். அந்த முறையினால் தங்கராசுவிடம் ஒரு வார்த்தை கேட்க எங்களில் யாருக்கும் வழியில்லாமல் போனது.

எனக்குத் தங்கராசு மேல் ஆத்திரம். அண்ணன் சம்பாதித்து வளர்த்த உடம்புதானே, சமயத்தில் கைவிட்டுவிட்டானே என்று அறையில் எல்லாரும் பேசினோம். நான்தான் சத்தமாகப் பேசினேன். அதன்பிறகு அவர் அண்ணனை மொபெட்டில் கொண்டுவந்து விடும்போதெல்லாம் நான் முகம் கொடுத்துப் பேசியது கிடையாது. அவர் “வணக்கம் சிஸ்டர்” என்பார். நான் மெஷினைப் பார்த்துக்கொண்டு “ம்” என்பேன். காசிநாதன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தார்.

அடுத்த பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, டயாலிசிஸ் இல்லாத நாளில், காசிநாதன் தூக்கத்திலேயே போய்விட்டார். இதயம் நின்றுவிட்டது. கிட்னி நோயாளிகளில் நிறையப் பேர் கிட்னியால் சாவதில்லை, இதயத்தால்தான் சாகிறார்கள் என்று டாக்டர் ரகுராம் வந்த முதல் நாளே சொல்லியிருந்தார். திங்கட்கிழமை அவருடைய மெஷினில் வேறொருவரைப் படுக்க வைத்தேன். எங்கள் அறையில் படுக்கை ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

மஞ்சள் பை

கருமாதி எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் தங்கராசு வந்தார். மொட்டை அடித்த தலையில் முடி அரும்பியிருந்தது. கையில் ஒரு மஞ்சள் பை. நான் அப்போதும் எழுந்திருக்கவில்லை.

“இது உங்களுக்கு சிஸ்டர். நம்ம கொல்லையில போட்டது” என்று பையை மேசைமேல் வைத்தார். உள்ளே முளைக்கீரை. அப்போதுதான் பிடுங்கியது, வேரில் ஈர மண் ஒட்டியிருந்தது. “அண்ணனை நீங்கதான் அவ்ளோ நாளு பாத்துக்கிட்டீங்க. வேற என்னா குடுக்கறதுன்னு தெரியல. அவருக்கு இந்தக் கீரைன்னா உசிரு.”

“அவருதான் கீரையே தொட மாட்டாரே” என்றேன், விட்டேற்றியாக.

“ஆமாங்க, நோவு வந்தப்பறம் வாய்லயே வெக்கல. ஒரே ஒரு தடவதான். அந்த ஐஸ் பெட்டி டெஸ்ட்டு எடுத்தாங்கல்ல, அதுக்கு முந்தின நாளு தானா பஸ்ஸு புடிச்சி நம்ம வூட்டுக்கு வந்தாரு. கொல்லைக்கு நடந்து போயி, உரம் வெச்ச பாத்தி எதுடான்னு கேட்டு, அவரே ஒக்காந்து புடுங்கினாரு. எங்க வூட்டுக்காரிகிட்ட மசிச்சிக் குடு தாயின்னு வாய் தொறந்து கேட்டாரு. ஒரு சட்டிக் கீரை சிஸ்டர்! திரும்பத் திரும்ப வாங்கி ஊத்திக்கிட்டாரு. ‘ஒடம்பு கேக்குதுடா, நல்லாயிட்டு வரேன்டா’ன்னாரு. அவ சமைச்சதுலயே அதுதான் நல்லா இருந்துதுன்னு சொல்லிட்டுப் போனாரு. இன்னைக்கும் சொல்லிச் சொல்லி அழுவுறா.”

 கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“அன்னைக்கு இளநி ஏதாவது குடிச்சாரா?”

“இளநியா? ரெண்டு சீவி வெச்சேன். வேணாம்னுட்டாரு.”

இளநீரைப் போலவே கீரையிலும் பொட்டாசியம் உண்டு, நைட்ரேட்டும் உண்டு. நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை அவர் ஒரு வரி விடாமல் கேட்டிருக்கிறார். கால் துவண்டு வாசலில் நின்றபோதும் என் கையைப் பிடித்து ரத்தம் எடுக்கச் சொன்னது அந்த அளவை ஏற்றிக் காட்டத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தங்கராசு நிறுத்தவில்லை. வந்த விஷயத்துக்கு இனிமேல்தான் வருகிறார் போலிருந்தது.

“நான் குடுக்கத்தான் சிஸ்டர் இருந்தேன். சென்னைக்குப் போறதுக்குத் துணியெல்லாம் எடுத்து வெச்சிட்டேன். எங்க வூட்ல மொதல்ல அழுதா. அப்பறம் அவளே போயிட்டு வாங்கன்னுட்டா. இவருதான் வந்து, ‘எல்லாரையும் விட எனக்குத்தான் ஜாஸ்தின்னு நீயே காதால கேட்டல்ல, பெரிய டாக்டரு இப்போதைக்கு வேணாம், பொறுத்துப் பாக்கலாம்னுட்டாரு’ன்னு சொன்னாரு. டாக்டரே சொன்னா நாம என்னா பண்றதுன்னு இருந்துட்டேன். இப்போ ஊர்ல என்னைப் பாத்து, அண்ணனுக்குக் குடுக்காம வுட்டவன்னு பேசறாங்க. பேசட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும் சிஸ்டர். அந்த டெஸ்ட்டு தப்பா? வேற யாரு ரத்தமாவது மாறிப் போயிடுச்சா?”

அந்த மனுஷன் எத்தனை தடவை “வணக்கம் சிஸ்டர்” சொல்லியிருப்பார்! ஊரில் யாரோ பேசுகிறார்கள் என்று என்னிடமே வந்து சொல்கிறார். முதலில் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“ஒக்காருங்க தம்பி.”

அவர் உட்காரத் தயங்கினார். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். அட்டெண்டரிடம் டீ வாங்கிவரச் சொன்னேன். இதற்கெல்லாம் நேரம் எடுத்துக்கொண்டது, என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியாததால்தான்.

உள்ளதைச் சொன்னால், தன் கொல்லைக் கீரையை வைத்தே, தன் பெண்டாட்டி கையால் சமைக்க வைத்தே அண்ணன் தன்னை ஏமாற்றினார் என்பது இவருக்குத் தெரிந்துவிடும். அந்தக் கீரையால்தான் அன்றைக்கு அவர் உயிர் போகப் பார்த்தது என்பதும் தெரிந்துவிடும். அந்தப் பெண் வாழ்நாளில் இனி ஒரு சட்டி கீரை மசிக்க மாட்டாள். சொல்லாவிட்டால், ஏதோ ஒரு டெஸ்ட் மாறிப்போய் அண்ணன் செத்தார் என்று இவர் ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பார்.

“டெஸ்ட்டு தப்பு இல்ல. ஆளும் மாறல. அன்னைக்கு அவரு ரத்தத்துல ஜாஸ்தியாத்தான் இருந்துச்சு” என்றேன்.

“அப்போ அவரு சொன்னது நெசந்தான்.”

“ம்.”

“நான் குடுத்திருந்தா இருந்திருப்பாரா சிஸ்டர்?”

“சொல்ல முடியாது தம்பி” என்றேன். இருந்திருப்பார் என்றுதான் மனசுக்குள் ஓடியது.

அவர் டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு, “போயிட்டு வரேன்” என்று கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்டும்போது தலைக்கு மேலே என் அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. டெஸ்ட் முடிந்து எவ்வளவோ நாள் ஆகியும் அதைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. அவர் அதை நிமிர்ந்து பார்த்துவிடக் கூடாதே என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் பார்க்கவில்லை. அவர் தெருவில் இறங்கியதும் போய்க் கழற்றினேன்.

அன்றைக்கே டாக்டர் ரகுராமுக்கு போன் போட்டேன். “சார், காசிநாதன் சாம்பிளை உங்க கணக்குலேர்ந்து எடுத்துடுங்க. முந்தின நாள் கீரை சாப்பிட்டிருக்காரு.”

“அடடா. அவருக்குச் சொல்லியிருந்தீங்கதானே?”

“சொல்லியிருந்தேன் சார்.”

“அப்புறம் ஏன் சாப்பிட்டாரு?”

“ஆசைப்பட்டுட்டாரு சார்” என்றேன். 

காசிநாதன் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. தம்பிமேல் இருந்த பிரியம் எனக்குப் புரிகிறது. ஆனால் கொடுக்க வந்தவனுக்கும் ஒரு பிரியம் இருந்ததே, அதைக் கொடுக்கவிடாமல் தட்டிவிட இவர் யார்? எங்களிடம் தம்பிக்கு இஷ்டமில்லை என்றார், தம்பியிடம் டாக்டரே வேண்டாமென்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். நான் அந்தத் தம்பியிடம் மூஞ்சியைத் திருப்பியபோதெல்லாம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் எதிரே இருந்தால் பிடித்து உலுக்கியிருப்பேன். உலுக்கிவிட்டு அழுதிருப்பேன்.

கீரையை அன்று சாயங்காலம் மசித்தேன். வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு இறங்கவில்லை.

பிள்ளைகளே, இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, இனி நோயாளியிடம் காரணம் எதுவும் சொல்லக் கூடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள். நான் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இதைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டால், பாடம் நடத்துகிற உற்சாகத்தில் போய்க்கொண்டே இருக்காதீர்கள். நிறுத்தி, “எதுக்குக் கேக்குறீங்க?” என்று கேட்டு அவர் முகத்தைப் பாருங்கள். கொடுக்க வந்தவர் பின்வாங்கினால் வற்புறுத்த வேண்டாம். ஆனால் அவர் சொல்லவேண்டியதை அவர் வாயாலேயே, தனியாக வைத்து, ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கேட்டிருந்தாலும் காசிநாதன் ஏதாவது பொய்தான் சொல்லியிருப்பார். தங்கராசுவைக் கேட்டிருந்தால் அவர் உண்மையைச் சொல்லியிருப்பார்.